முன் இருக்கை

நவம்பர் 6

இன்றிலிருந்து எழுதத் தொடங்குகிறேன். உரக்கடையில் அம்மாவுக்குக் கொடுத்த போன வருடத்து டைரி இது. தேதி சரியாக இருக்கிறது, கிழமை தப்பு. கிழமைகளை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டேன். பத்தாம் வகுப்பு என்பதால் தினமும் என்ன படித்தேன் என்று குறித்து வைத்தால் நல்லது என்பது என் யோசனை.

முதல் பக்கம் என்பதால் விவரம். பெயர் பிலோமினா. வீட்டில் பிலோ. தங்கை செசிலி மூன்றாம் வகுப்பு. அம்மா ஆக்னஸ், காப்பி எஸ்டேட் களத்தில் கொட்டை காயப்போடும் வேலை. அப்பா சவரிமுத்து, எங்கள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மலையில் ஏழு நிறுத்தங்களில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி, பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரத்தில் இருக்கிற பள்ளியில் விடுவார். சாயந்திரம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். அதற்கு முன் லாரி ஓட்டினார். மொத்தம் இருபத்து மூன்று வருடம், ஒரு விபத்துகூட இல்லை. இதை அப்பா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்வார்.

இன்று அப்பா என்னை முன் இருக்கையில் உட்காரச் சொன்னார். இத்தனை நாள் அது பவுனம்மா அக்காவின் இடம். அவர்தான் வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். "சின்னப் பிள்ளைக பின்னாடி அடிச்சுக்கிடுதுக. நீ பின்னாடி போ பவுனு, பிலோ இங்க இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "என்னென்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா தாயி. எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்" என்றார்.

சொல்லிக்கொண்டே போனேன். சைக்கிள்காரர், மாடு, பால்வண்டி, இடது பக்கம் ஒரு பாட்டி விறகோடு. அப்பா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். நன்றாக இருந்தது.

படித்தது: கணக்கு, ஒரு பயிற்சி.

நவம்பர் 9

காலையில் வண்டியின் இடது பக்கம் பாலத்துச் சுவரில் உரசிவிட்டது. ரோடு போடுகிறவர்கள் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். சாயந்திரம் வரும்போது பார்த்தேன். பழைய சுவர்தான். பாசி பிடித்திருக்கிறது.

படித்தது: ஒன்றுமில்லை. சீருடை துவைத்தேன்.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். செசிலி மயில் நடனம் ஆடினாள். வேன் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அப்பாவுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வீடு வரை வந்தார்.

வீட்டில் நான் மிளகு புடைத்துத் தரையில் வைத்திருந்த முறத்தை அப்பா மிதித்துவிட்டார். மிளகு வீடு முழுக்க ஓடியது. அம்மா அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் திட்டினாள். "வழியில எதையும் வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" உண்மைதான், பல தடவை சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் ஸ்டூல், குடம், செருப்பு எல்லாம் சுவரோரம்தான் இருக்கும். வருகிறவர்கள், உங்கள் வீடு எவ்வளவு சுத்தம் என்பார்கள்.

நவம்பர் 21

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாவது வளைவுக்கு முன்னால் எஸ்டேட் கேட் ஒன்று உண்டு. இன்று காலையில் அங்கிருந்து ஒருவர் பைக்கில் வெளியே வந்தார். இடது பக்கம். மெதுவாகத்தான் வந்தார். அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்படி வந்தார். நான் அப்போது குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பைக்காரரின் முழங்கால் என் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "அப்பா!" என்று கத்தினேன். அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் பிள்ளைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தார்கள். நிரஞ்சன் என்ற இரண்டாம் வகுப்புப் பையனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பைக்காரர் கண்டபடி திட்டிவிட்டுப் போனார்.

சாயந்திரம் நிரஞ்சனின் அப்பா நிறுத்தத்தில் காத்திருந்தார். காசிராஜன் என்று பெயர், வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். அவர் கேட்பதற்கு முன்பே அப்பா சொன்னார். "ஒரு நாய் குறுக்க விழுந்துருச்சுண்ணே. என்ன பண்றது, அதுவும் உசுருதான?" பிறகு என் பக்கம் திரும்பி, "நாய்தான பிலோ?" என்றார்.

"ஆமா, நாய்தான்" என்றேன்.

"கருப்பு நாய்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

இனிமேல் வேனில் ஷூ லேஸ் கட்டக் கூடாது. வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 5

பள்ளியில் டிரைவர்கள் நான்கு பேருக்கும் கண் பரிசோதனை வைத்தார்கள். சுவரில் அட்டை மாட்டி எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வராந்தாவில் போய் நின்றேன். அப்பா கடைசி வரி வரை தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தார். மற்ற மூன்று பேருக்கும் கடைசி வரி தெரியவில்லை. "கழுகுக் கண்ணுய்யா ஒனக்கு" என்று பரிசோதிக்க வந்தவர் சொன்னார்.

அப்படியானால் ஒன்றுமில்லை. நான்தான் வீணாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். இன்று நன்றாகத் தூங்குவேன்.

படித்தது: தமிழ் செய்யுள் மூன்று. ஆங்கில இலக்கணம். சமூக அறிவியல் வரைபடம். நிறையப் படித்தேன்.

டிசம்பர் 26

நேற்று கிறிஸ்துமஸ். கோவிலில் அப்பா பாடினார். நல்ல குரல் அவருக்கு.

இன்று விடுமுறை. அப்பா முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். அதை அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவர் பாட்டுக்குக் காயை உரித்தார். கன்னத்துக்கு நேராகக் கொண்டு வந்தேன். உரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் "அட, பழமா?" என்று வாங்கிக்கொண்டார்.

செசிலிக்கும் அதே மாதிரி செய்து பார்த்தேன். காதுக்குப் பக்கத்திலேயே "அக்கா, எனக்கா?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அப்பாவுக்கு வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. அதையும் பார்த்தேன்.

கடைசி வரி வரை வாசித்தாரே. நேராக இருப்பதெல்லாம் தெரிகிறது. ஜன்னல் கதவை இரண்டு பக்கமும் ஒருக்களித்துச் சாத்தினால் நடுவில் ஒரு சந்து தெரியுமே, அப்பாவுக்கு ரோடு அப்படித் தெரிகிறது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருக்கலாம்.

ஜனவரி 9

காய்ச்சல். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். செசிலிக்கு மூக்கு ஒழுகினாலே பள்ளிக்கு அனுப்பாத அம்மா, எனக்குக் கம்பளியைச் சுற்றி, மாத்திரை கொடுத்து, "போயிட்டு வந்துரு கண்ணு. வண்டியிலதான போற" என்றாள்.

"முடியலம்மா. தல சுத்துது."

"முன்னாடி உக்காந்தா காத்து வரும். சரியாப் போகும்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பளியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே அப்பா வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். ஹாரன்கூட அடிக்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

அம்மாவுக்குத் தெரியும்.

ஜனவரி 24

மூன்று நாளாகப் பனிமூட்டம். பத்தடிக்கு மேல் எனக்கே எதுவும் தெரியவில்லை. "அப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல, நிறுத்துங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. அப்பா சிரித்தார். "எனக்குத் தெரியும் தாயி. இந்தா, இப்ப ஒரு பள்ளம் வரும் பாரு" என்றார். வந்தது. "இப்ப வலது பக்கம் தண்ணி விழுகிற சத்தம் கேக்கும்." கேட்டது. எதிரே வந்த லாரிகள் எல்லாம் ஓரம்கட்டி நின்றன. அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே, பாடிக்கொண்டே இறங்கினார். பனி இருக்கிற நாட்களில்தான் அப்பா பயமில்லாமல் இருக்கிறார். அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிவதில்லை அல்லவா?

பள்ளியில் இறங்கும்போது வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பவுனம்மா அக்கா, "என்னடி, சாப்பிடலயா?" என்றார்.

"சாப்பிட்டேன்க்கா."

பொய். காலையில் நான் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆகிறது. இட்லியைக் கோழிக்குப் போட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 9

பிப்ரவரி 26 முதல் பத்தாம் வகுப்புக்குப் படிப்பதற்கு விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். வகுப்பில் எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயந்திரம் வேனில் வரும்போது அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இருபத்தாறாந் தேதியிலருந்து முன்னாடி யாருப்பா உக்காருவாங்க?"

இரண்டு வளைவு தாண்டிய பிறகு அப்பா, "நீ பரீட்சைய நல்லா எழுது" என்றார்.

பிப்ரவரி 18

ஞாயிறு. வேனை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனோம். முன் இருக்கையில் செசிலி. அவளுக்கு ரோடு தெரியவில்லை என்று அப்பா இரண்டு தலையணையை எடுத்து அடியில் வைத்தார். நானும் அம்மாவும் பின்னால்.

"என்ன தெரியுது செசிலி?"

"பட்டாம்பூச்சிப்பா!"

"அது வேணாம். ரோட்டுல என்ன வருதுன்னு பாரு."

"ஒரு ஆட்டோ."

"எந்தப் பக்கம்?"

செசிலி தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். எந்தக் கையால் எழுதுகிறாள் என்று யோசித்து, "வலது பக்கம்" என்றாள். அதற்குள் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். விரல் வேகமாக ஓடியது.

பூசையில் நான் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20

அப்பாவிடம் பேசினேன். அவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். இரண்டாவது வாளியில் தைரியம் வந்தது.

"அப்பா, உங்களுக்குப் பக்கத்துல வர்றது தெரியலல்ல?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினாராம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருகிற வியாதியாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றாராம். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னாராம். அப்பா அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் பிறகு போகவே இல்லை.

"ஏம்ப்பா போகல?"

"போனா எழுதிக் குடுத்துருவாங்க பிலோ. எழுத்துல வந்துட்டா அப்புறம் நான் யாரு? ஸ்டியரிங் பிடிக்காம நான் என்னத்தப் பிடிக்க?"

நான் சொன்னேன்: "செசிலி சின்னப் பிள்ளப்பா."

"இன்னும் ஒரு ரெண்டு மாசம். ஏப்ரலோட பள்ளிக்கூடம் முடிஞ்சுரும். அப்புறம் நானே நிறுத்திர்றேன். யார்ட்டயும் சொல்லாத தாயி. சத்தியமா?"

அவர் நீட்டிய கை ஈரமாக இருந்தது. சத்தியம் பண்ணினேன். பண்ணாமல் எப்படி இருப்பது? அப்பா கெஞ்சிக் கேட்டார். அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரி 26

முதல் நாள் விடுமுறை. ஏழரைக்கு வேன் கிளம்பியது. செசிலியின் தலை மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. எனக்குக் கை காட்டினாள்.

படிக்க உட்கார்ந்தேன். அறிவியல் புத்தகத்தில் ஒரே பக்கம் மதியம் வரை திறந்திருந்தது. ஏழே முக்கால், ஆரஞ்சுத்தோட்டம் நிறுத்தம். எட்டு மணி, எஸ்டேட் கேட். எட்டே கால், ஒன்பதாவது வளைவு, அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. மனத்துக்குள் நானும் இறங்கிக்கொண்டே இருந்தேன். எட்டரைக்குப் பள்ளிக்குப் போயிருப்பார்கள். போயிருந்தால்.

மூன்றரைக்கு மறுபடி ஆரம்பித்தது. நாலே முக்காலுக்கு வளைவில் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் செசிலியைத் தூக்கிக்கொண்டேன். "விடுக்கா, நான் என்ன பாப்பாவா?" என்றாள்.

பிப்ரவரி 27

வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28

செசிலி வேனிலிருந்து இறங்கி நேராகக் குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். பாவாடையை வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள். வேனிலேயே நனைத்துவிட்டிருக்கிறாள். எட்டு வயது ஆகிறது.

"என்னாச்சு செசிலி?"

"ஒண்ணுமில்ல."

"அக்காட்ட சொல்லு."

"இடது பக்கம் ஒதுங்கச் சொல்றதுக்கு வலதுன்னு சொல்லிட்டேன். அப்பா அந்தப் பக்கம் திருப்பிட்டாரு. ரோட்டோரக் கல்லுல டம்முன்னு இடிச்சு நின்னுருச்சு. அதுக்கு அங்கிட்டு பள்ளம்க்கா. மரம் எல்லாம் சின்னச் சின்னதாத் தெரிஞ்சுது." சொல்லிவிட்டுப் பாவாடையைப் பிழிந்தாள். சின்னக் கை, பிழியவே வரவில்லை. பிறகு கேட்டாள். "அக்கா, நான் தப்பாச் சொன்னா எல்லாரும் செத்துருவாங்களா?"

நான் பாவாடையை வாங்கிப் பிழிந்தேன். நவம்பரிலிருந்து தினமும் காலையில் எனக்குள் ஓடுகிற கேள்வியும் அதுதான். அதை யாரிடமும் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இவள் மூன்றே நாளில் கேட்டுவிட்டாள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் நாலு வருசமா சொல்லிப் பாத்துட்டேன் பிலோ. சொல்லும்போதெல்லாம் ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடப்பாரு. அந்த மனுசன் மொகத்த என்னால பாக்க முடியல" என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் வேணா முன்னாடி உக்காந்து போறேன். ஒரு நாளைக்குக் களத்துல லீவு சொல்றேன்."

நாளைக்கு அம்மா. அதற்கடுத்த நாள்?

மார்ச் 1

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் செசிலிக்கு வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லி வீட்டில் இருக்க வைத்தேன். அம்மா புறப்படுவதற்கு முன்னால் நான் போய் முன் இருக்கையில் ஏறினேன். அப்பா சந்தோஷப்பட்டார். "படிக்கலயா தாயி?" என்றார். "ஒரு நாள்தானப்பா" என்றேன். வழியெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தேன். குரல் நடுங்கக் கூடாது என்பதிலேயே கவனமாக இருந்தேன்.

முதல் நிறுத்தம் ஆரஞ்சுத்தோட்டம். ஒன்பது பிள்ளைகள். பெற்றவர்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். காசிராஜன் அண்ணனும் நிரஞ்சனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்து இறங்கி, பின்கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"யாரும் ஏத்தாதீங்க. அப்பாவுக்குப் பக்கத்துல வர்றது எதுவும் தெரியாது. நாலு வருசமா கண்ணுல வியாதி."

எனக்கே என் குரல் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை கத்திவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் மிரண்டு போனார்கள்.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சிரித்தார். "ராத்திரி பகல்னு படிச்சுப் படிச்சு மூள கொழம்பிருச்சுண்ணே எம்பிள்ளைக்கு. போன டிசம்பர்லதான செக்கப் பண்ணாங்க? கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். வேணும்னா பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருங்க."

எல்லாரும் அப்பாவைத்தான் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? இருபத்து மூன்று வருடம். ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, "தள்ளிக்கம்மா, பிள்ளைகளுக்கு நேரமாச்சு" என்றார். பவுனம்மா அக்கா உள்ளிருந்து ஒரு பெண்ணின் பையை வாங்கிவிட்டார்.

நான் காசிராஜன் அண்ணனிடம் போனேன். "அண்ணே, அன்னைக்கு நாய் இல்ல. பைக்கு. நான் பொய் சொன்னேன்."

அவர் நிரஞ்சனின் உதட்டைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒரு கோடு இருக்கிறது. பிறகு மெதுவாக நடந்துபோய், முன்பக்கம் நான் திறந்து வைத்திருந்த கதவுக்கு வெளியே, இடது பக்கமாக நின்றார். பையனைத் தோளிலிருந்து இறக்கி, முன் இருக்கையில் ஏற்றி நிறுத்தினார். நிரஞ்சன் சத்தமில்லாமல் நின்றான். அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது.

அப்பா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஏறியாச்சா எல்லாரும்?" என்றார்.

பெற்றவர்கள் எல்லாரும் நிரஞ்சனையே பார்த்தார்கள்.

"சவரி, ஒம் பக்கத்துல யாரு நிக்கிறா?" என்று காசிராஜன் அண்ணன் கேட்டார்.

அப்பா தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை. குத்துமதிப்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஏதோ ஒரு குட்டி, "மாமா, போலாம் மாமா" என்றது.

அப்பா எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். "பிலோ" என்று கூப்பிட்டு, சாவியைக் கையில் பிடித்து நீட்டினார். நான் இல்லாத இடத்தில் நீட்டினார். நான் போய் அந்தக் கைக்குக் கீழே என் கையை வைத்தேன்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால் போனார். நான் பின்னால். அவர் ஒரு தடவைகூடப் பேசவில்லை. எனக்கு வாந்தி வந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து எடுத்தேன். அப்பா நின்றார். திரும்பிப் பார்க்காமல், நான் எழுந்து வரும் வரை நின்றார்.

மார்ச் 3

வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். செசிலி பின்னால் உட்கார்ந்து போகிறாள். ஜன்னலோர இடம் கிடைத்ததாம்.

குழாயடியில் ஒரு அம்மா, "பெத்த அப்பன் பொழப்புல மண்ணப் போட்ட பிள்ள" என்று என் காதுபட சொன்னார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள்.

மார்ச் 9

அம்மா அப்பாவை மதுரைக்கு அழைத்துப் போய் வந்தாள். இடது கண்ணில் ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணில் பாதி. மருந்து ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். மூன்று வேளையும் அம்மாதான் விடுகிறாள். அவள் களத்துக்குப் போனால் செசிலி. நான் விடுவதற்கு அப்பா சம்மதிப்பதில்லை. நான் குப்பியை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஒன்பது நாளாக என்னிடம் பேசவில்லை. நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார். அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சத்தியத்தை மீறியது பாவம்தான். சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று யோசித்தேன். மறுபடி செய்யமாட்டேன் என்று சொன்னால்தான் மன்னிப்பு. அப்படி என்னால் சொல்ல முடியாது. மறுபடியும் செய்வேன்.

மார்ச் 16

தமிழ் முதல் தாள். பரவாயில்லை. கேள்வித்தாளைப் பார்த்துப் பயம் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வரவில்லை.

அப்பா எஸ்டேட்டில் மிளகு பொறுக்குகிற வேலைக்குப் போகிறார். நேராக முன்னால் இருப்பதுதானே, அவருக்கு நன்றாக வருகிறதாம். பெண்களுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்திருப்பதை ரோட்டிலிருந்து பார்த்தேன். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து அழுதேன்.

ஏப்ரல் 24

பரீட்சை இருபதாம் தேதியே முடிந்தது. இது நேற்று எழுத வேண்டியது. நேற்று எழுத முடியவில்லை. காரணம் கீழே.

நேற்று அதிகாலை அப்பா அறைவாசலில் வந்து நின்றார். "பிலோ, எந்திரி. செசிலியவும் எழுப்பு. மதுரைக்குப் போகணும்" என்றார்.

ஐம்பத்து மூன்று நாளுக்குப் பிறகு என் பெயரைச் சொல்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை. தலை சீவிக்கொண்டேன்.

பஸ்ஸில் அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வத்தலக்குண்டு தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு எதிர் இருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வியாதி குடும்பத்துல வருமாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு அன்னைக்கே சொன்னாங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நான் கூட்டிட்டு வரல."

பஸ் குலுங்கியது. செசிலி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை நழுவாமல் அப்பா தோளைச் சரித்துக்கொண்டார். "உங்களக் கூட்டிட்டு வந்தா, என்னையும் பாப்பாங்கள்ல. அதுக்குப் பயந்துக்கிட்டு..." என்று நிறுத்தினார்.

எனக்குக் கோபம் வந்தது. வேனில் உட்கார்ந்த நாட்களில்கூட வராத கோபம். எனக்காகக்கூட இல்லை, செசிலியின் தலை அவர் தோளில் கிடந்ததைப் பார்த்துத்தான் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருடைய கை முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தது. நவம்பரிலிருந்து நான் வேனில் பிடித்துக்கொண்டு வந்த அதே மாதிரி.

"இப்பக் கெளம்பிட்டோம்லப்பா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் சின்ன வெளிச்சம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குப் பயத்தில் வராத வெளிச்சமெல்லாம் தெரிந்தது. வந்த வெளிச்சத்தை விட்டுவிட்டேனோ என்றும் தோன்றியது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். பிறகு கண்ணுக்குள் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் மருந்து விட்டார்கள். கருவிழி விரிந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா உட்காரவில்லை. எங்கள் முன்னால் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு தடவை ஒரு சக்கர நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. செசிலிக்கு அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது. வியாதி என்று சொல்ல முடியாது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும். "இந்த வயசுலயே கூட்டிட்டு வந்தீங்களே, நல்லது" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான் இல்லம்மா" என்றார். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

வெளியே வந்தோம். ஒரே வெயில். எனக்கும் செசிலிக்கும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பஸ் ஏறுவதற்கு ரோட்டின் அந்தப் பக்கம் போக வேண்டும். பஸ், ஆட்டோ, பைக் எல்லாம் கரைந்துபோன சாயம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. எந்தச் சாயம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்பா ஒரு கையில் என்னையும் ஒரு கையில் செசிலியையும் பிடித்தார். வலது பக்கம் முழுக்கத் தலையைத் திருப்பினார். தோளும் சேர்ந்து திரும்பியது. அப்படியே நின்று பார்த்தார். பிறகு இடது பக்கம் முழுக்கத் திருப்பினார். மறுபடி வலது பக்கம். யாரோ ஒரு ஆட்டோக்காரர், "என்னய்யா, போறியா இல்லியா?" என்று கத்தினார். அப்பா அவசரப்படவில்லை. மறுபடி இடது பக்கம் திருப்பினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாங்க" என்றார். நடந்தோம்.